தனிமையைப் பாடும் கவிதையை ஆராய்வது எப்படி? குறுந்தொகைப் பாடல் ஒன்றைக் கொண்டு ஓர் எளிய விளக்கம்

ஒரு கவிதையைக் கொடுத்து அதில் அமைந்துள்ள இலக்கிய உத்திகளை ஆராய்ந்து எழுதுக என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் முதலில் உவமையைத் தேடுகிறார்கள். 'போல', 'அன்ன', 'ஒப்ப' என்னும் உருபுகளில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டவுடன் அதை அடிக்கோடிட்டு, "இதில் உவமையணி பயின்று வந்துள்ளது" என்று எழுதிவிட்டு, எதுகைக்கும் மோனைக்கும் நகர்ந்துவிடுகிறார்கள். எழுதியதில் பிழை இருக்காது. ஆனால் அந்தக் கவிதை ஏன் மனத்தைத் தொடுகிறது என்ற கேள்விக்கு அதில் விடையும் இருக்காது. உத்தியின் பெயரைச் சொல்வது அடையாளம் காட்டுதல் மட்டுமே. அந்த உத்தியை எடுத்துவிட்டால் கவிதை எதை இழக்கும் என்று சொல்லத் தொடங்கும்போதுதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

தனிமையைப் பாடும் கவிதைகள் இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றவை. மலையையோ ஆற்றையோ வருணிப்பதுபோலத் தனிமையை வருணித்துவிட முடியாது. 'நான் தனியாக இருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் நமக்குச் செய்தி கிடைக்கும். அந்த உணர்வு கிடைக்காது. ஆகவே, கவிஞர் சொற்களின் வரிசையையும் ஓசையையும் அடியின் நீளத்தையும் சொல்லாமல் விட்டவற்றையும் கொண்டே அந்த உணர்வைக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான குறுந்தொகையில் பதுமனார் பாடிய ஆறாம் பாடல் இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. நான்கே அடிகள்:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே

நள்ளிரவு 'நள்' என்னும் ஓசையோடு செறிந்துவிட்டது. மக்கள் பேச்சு ஓய்ந்து இனிதாக அடங்கிவிட்டார்கள். அகன்ற இடத்தையுடைய உலகமும் வெறுப்பேதும் இன்றி உறங்குகிறது. உறுதியாக, நான் ஒருத்தி மட்டுமே உறங்காதிருக்கிறேன். இதுதான் நேர்ப்பொருள். இந்த நேர்ப்பொருளை முதலில் தெளிவாக எழுதிக்கொள்ளாமல் உத்திகளுக்குள் இறங்கக் கூடாது. சொற்பொருள் தவறினால் அதன்மேல் எழுப்பும் விளக்கம் அனைத்தும் தவறும்.

யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார்

பொருள் தெரிந்த பிறகு கேட்க வேண்டிய முதற்கேள்வி, பேசுபவர் யார் என்பது. இப்பாடலில் பேசுபவள் தலைவி; பாடியவரோ பதுமனார். இருவரையும் ஒன்றாகக் குழப்பி, "கவிஞர் தம் தனிமையை வெளிப்படுத்துகிறார்" என்று எழுதுவது தொடக்கநிலை மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் குறை. காதல் வாழ்வைப் பாடும் அகப்பாடல்களில் கவிஞர் ஒரு பாத்திரத்தின் வாயிலாகவே பேசுகிறார். தலைவன் திருமணத்துக்கு முன் பொருள் தேடப் பிரிந்து சென்றிருக்கும் காலத்தில், பிரிவைத் தாங்க இயலாத தலைவி தன் தோழியிடம் கூறுவதாக இப்பாடலின் துறைக்குறிப்பு, அதாவது பாடலின் சூழலைக் கூறும் பழைய குறிப்பு, சொல்கிறது.

இந்தச் சூழலை மனத்தில் கொண்டு பார்த்தால் ஒன்று புலப்படும். பாடலில் தலைவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவன் பெயரோ ஊரோ திரும்பி வரும் காலமோ பேசப்படவில்லை. பிரிவு, காதல், துன்பம் என்ற சொற்களும் இல்லை. தனிமைக்குக் காரணமானவனை முழுவதுமாக விட்டுவிட்டு, தனிமை நிகழும் நேரத்தை மட்டும் பாடல் காட்டுகிறது. கேட்பவளான தோழிக்குக் காரணம் முன்பே தெரியும் என்பதால் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு விளக்கம். எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது வேறு: நள்ளிரவில் விழித்திருப்பவருக்குக் காரணத்தைக் காட்டிலும் அந்த இரவே பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மக்கள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள், உலகமும் உறங்குகிறது, நான் மட்டுமே உறங்கவில்லை என்று தலைவி தோழியிடமே சொல்கிறாள். அப்படியானால் தோழியும் உறங்கியவர்களுள் ஒருத்தி ஆகிறாள். துறைக்குறிப்பு 'நெருங்கிச் சொல்லியது' என்கிறது. நெருக்கிக் கடிந்து கூறுதல் என்ற பொருள் அதற்கு உண்டு. தோழியைப் பெயர் சொல்லிக் குறை கூறாமலே, 'நீயும் என்னோடு விழித்திருக்கவில்லையே' என்ற மனக்குறை பாடலுக்குள் அடங்கியிருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லாமல் உய்த்துணர வைக்கும் இத்தகைய குறிப்புப்பொருளே அகப்பாடல்களின் பெருஞ்செல்வம்.

திணை காட்டும் வழி

நிலம், பொழுது, உணர்வு ஆகியவற்றைக் கொண்டு அகப்பாடல்களைப் பகுக்கும் வகையே திணை. இப்பாடல் நெய்தல் திணையைச் சேர்ந்தது. நெய்தல் என்றவுடன் கடல், உப்பங்கழி, நாரை, தாழை, மீன்பிடி படகு ஆகியவை நினைவுக்கு வரும். பாடலில் இவற்றுள் எதுவும் இல்லை. நெய்தலுக்குரிய சிறுபொழுது (நாளின் பகுதி) எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். பாடலில் வருவதோ குறிஞ்சித் திணைக்குரிய யாமம். அப்படியிருந்தும் இதனை நெய்தலில் சேர்த்ததற்குக் காரணம், அதன் உரிப்பொருளாகிய (திணைக்குரிய உணர்வாகிய) இரங்கல், அதாவது பிரிவால் வருந்துதல், இதில் இருப்பதுதான். "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே" என்று தொல்காப்பியம் இதற்கு இடம் தருகிறது. நிலமும் பொழுதும் பறவை, மரம் போன்ற கருப்பொருளும் ஒரு திணையிலிருந்து மற்றொரு திணைக்கு மாறி வரலாம்; உணர்வு மாறக் கூடாது. ஒரு பறவைகூட இல்லாத நெய்தல் பாடல் என்பதே இதன் வெறுமையை அழுத்திக் காட்டுகிறது. பெரும்பாலான நெய்தல் தலைவியருக்குத் துணையாக அலையோசையாவது இருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை.

உவமையே இல்லாத பாடல்

உவமையைத் தேடி வந்தவர் இங்கே ஏமாற்றம் அடைவார். நான்கு அடிகளிலும் ஒரே ஓர் உவமைகூட இல்லை. உவமை என்பது ஒரு பொருளை இன்னொரு பொருளோடு சேர்த்து நிறுத்துவது. 'என் தனிமை இதைப் போன்றது' என்று சொன்னால் அந்தத் தனிமைக்கு ஓர் இணை கிடைத்துவிடும். இவளுடைய நிலைக்கு இணையாக உலகில் எதுவும் இல்லை என்பதுதான் பாடலின் கருத்து. எனவே உவமை இல்லாமையே இங்கு உத்தியாகிறது. உள்ளதை உள்ளபடி சொல்வதை அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம் தன்மையணி என்று பெயரிட்டு, பொருளணிகளின் வரிசையில் முதலாவதாக வைத்திருக்கிறது. அணியில்லாதது போலத் தோன்றும் பாடலையும் அணியுடைய பாடலாகவே நம் இலக்கணிகள் எண்ணினார்கள் என்பதற்கு இது போதிய சான்று.

அப்படியென்றால் பாடல் எதைக் கொண்டு இயங்குகிறது? முதலில் அளவைக் கொண்டு. யாமம், பிறகு மாக்கள், பிறகு நனந்தலை உலகம் என்று பாடல் அடிக்கு அடி விரிந்துகொண்டே போகிறது. ஊர் அளவிலிருந்து உலகு அளவுக்குப் போன பிறகு, அடுத்த அடியின் முதற்சீரில் திடீரென்று 'ஓர்யான்' என்று ஒற்றை ஆளாகச் சுருங்குகிறது. உலகம் எவ்வளவு அகலமாகக் காட்டப்பட்டதோ அவ்வளவுக்கு இந்த 'யான்' சிறிதாகத் தெரிகிறது. 'நனந்தலை' என்ற அடையை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் குறையாது, ஆனால் அந்த வீழ்ச்சியின் ஆழம் குறைந்துவிடும்.

அடுத்தது முரண். 'துஞ்சும்', 'துஞ்சாதேன்' என்று ஒரே வினை உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் அடுத்தடுத்த அடிகளின் இறுதிப் பகுதியில் வருகிறது. எதுகை, மோனை போல முரணையும் யாப்பிலக்கணம் தொடைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. 'உலகம் உறங்குகிறது, நான் விழித்திருக்கிறேன்' என்று இரு வேறு வினைகளால் சொல்லியிருந்தால் விழித்திருத்தல் தலைவி செய்யும் ஒரு செயலாகிவிடும். 'துஞ்சாதேன்' என்னும்போதோ, உலகத்துக்குக் கிடைத்த ஒன்று அவளுக்குக் கிடைக்கவில்லை என்ற இழப்பு அந்த வினைக்குள்ளேயே வந்துவிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் பிரிவாற்றாமையின் அடையாளங்களுள் ஒன்றாகக் 'கண்துயில் மறுத்தல்' கூறப்பட்டுள்ளதும் இங்கு நினைக்கத்தக்கது. உள்ளத்து உணர்வைப் புறத்தே தெரியும் ஒரு குறியால் காட்டுவதே மெய்ப்பாடு. இந்தப் பாடல் அப்படிப்பட்ட ஒரே ஒரு குறியின்மேல் நிற்கிறது.

முரண் அந்த இரு வினைகளோடு முடியவில்லை. பிறருக்குச் சூட்டப்பட்ட அடைகளைப் பாருங்கள்: மக்கள் 'இனிது' அடங்கினார்கள், உலகம் 'முனிவு இன்று' உறங்குகிறது. தலைவி தன் மனநிலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆனால் உறங்குபவர்களிடம் எவை இருப்பதாக அவள் குறிப்பிடுகிறாளோ அவை அவளிடம் இல்லை என்று நாமே அறிந்துகொள்கிறோம். இனிமை இல்லை, முனிவு இருக்கிறது. தன்னைப் பற்றிப் பேசாமல் பிறரைப் பற்றிப் பேசியே தன்னை வெளிப்படுத்தும் இந்த முறை, பல பக்க ஒப்பாரியைவிட வலிமையானது என்பது என் உறுதியான எண்ணம்.

ஓசையும் சொல்வரிசையும்

முதற்சொல்லாகிய 'நள்ளென்றன்றே' ஓர் ஒலிக்குறிப்பு. பேச்சு அவிந்து ஊரே அடங்கிய பின்னரும் இரவு 'நள்' என்று ஒலிக்கிறது. ஓசையற்ற நேரத்தை ஓசையால் காட்டுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் எல்லா ஒலிகளும் நின்ற பிறகு காதில் நிறையும் ஒரு செறிவு உண்டு என்பதை நள்ளிரவில் விழித்திருந்தவர்கள் அறிவார்கள். இங்கே உற்றுநோக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. எல்லாரும் உறங்கிவிட்டார்கள் என்றால் அந்த 'நள்' என்னும் ஒலியைக் கேட்டது யார்? 'யான்' என்ற சொல் நான்காம் அடியில்தான் வருகிறது. எனினும் அந்த 'யான்' முதற்சொல்லிலேயே விழித்திருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சொல்வரிசையும் தற்செயலானதன்று. முதல் இரண்டு வாக்கியங்களிலும் பயனிலை முன்னே வந்து எழுவாய் பின்னே வருகிறது: நள்ளென்றன்றே யாமம், அடங்கினரே மாக்கள். பிந்தைய இரண்டிலும் வரிசை மாறி, எழுவாய் முன்னே நிற்கிறது: உலகமும் துஞ்சும், ஓர்யான் துஞ்சாதேனே. உலகமும் யானும் ஒரே வகை வாக்கியத்தில் எதிரெதிராக நிறுத்தப்படுவதால் அந்த ஒப்பீடு கூர்மையடைகிறது. 'உலகமும்' என்பதில் உள்ள உம்மை, எஞ்சியது எதுவும் இல்லை என்று கதவை அடைக்கிறது. 'மன்ற' என்னும் இடைச்சொல் தேற்றப்பொருளில் வந்து, ஐயத்துக்கு இடமில்லை என்கிறது. இறுதியில் 'துஞ்சாதேன்' என்னும் வினையின் 'ஏன்' விகுதி, ஏற்கெனவே சொல்லப்பட்ட 'யான்' என்பதை மறுபடியும் சொல்கிறது. ஒரே அடியில் தன்மை ஒருமை இருமுறை ஒலிக்கிறது. அங்கே வேறு யாரும் இல்லாததால் அவள் தன்னைத்தான் இருமுறை சுட்ட முடியும்.

எதுகை, மோனைகளைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'இனிது', 'நனந்தலை' என்று இடையிலுள்ள இரண்டு அடிகளில் இரண்டாம் எழுத்து னகர வரிசையில் அமைகிறது. 'மாக்கள் முனிவின்று' என மகரம் அடுத்தடுத்த சீர்களில் வருகிறது. இவை ஓசைக்கு இனிமை சேர்க்கின்றன என்பதற்கு மேல் எழுதினால் வலிந்து கூறுவதாகிவிடும்.

யாப்பு பற்றிச் சொல்லியாக வேண்டும். இது நேரிசை ஆசிரியப்பா. அப்பாவில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) மூன்று சீர்களாகவும் மற்ற அடிகள் நான்கு சீர்களாகவும் வரும். எனவே மூன்றாம் அடி குறைந்திருப்பது பதுமனாரின் தனிக் கண்டுபிடிப்பு என்று எழுதினால் தவறு, அது விதி. ஆனால் அந்தக் குறையடியின் இறுதியில் எந்தச் சொல்லை நிறுத்துவது என்பது கவிஞரின் தேர்வு. 'நனந்தலை உலகமும் துஞ்சும்' என்று படித்து முடிக்கும்போது, முந்தைய இரண்டு அடிகளால் நான்கு சீருக்குப் பழகிய காது அடுத்த சீரை எதிர்பார்க்கிறது, அது வரவில்லை. உலகம் உறங்கிவிட்டது என்ற சொல்லுக்குப் பின் ஒரு சீர் அளவுக்கு ஓசை இல்லை. அந்த வெற்றிடத்தைத் தாண்டித்தான் 'ஓர்யான்' தொடங்குகிறது. வாய்விட்டுப் படித்தால் மட்டுமே இது பிடிபடும். ஆகவே எந்தக் கவிதையையும் ஆராயும் முன் ஒருமுறையேனும் உரக்கப் படித்துவிடுங்கள்.

அதே வினை, வேறு தனிமை

உத்தி மாறினால் உணர்வும் மாறும் என்பதை அறிய, இதே 'துஞ்சு' என்ற வினையைக் கொண்ட வேறு இரு குறுந்தொகைப் பாடல்களை அருகில் வைத்துப் பார்க்கலாம். முதலாவது, ஔவையார் பாடிய இருபத்தெட்டாம் பாடல்:

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானும்ஓர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பஎன்
உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே

இங்கும் ஊர் உறங்குகிறது, ஒருத்தி விழித்திருக்கிறாள். ஆனால் பதுமனாரின் தலைவி அடங்கிய குரலில் கூற்றுகளாகப் பேசினாள். இவளோ கேள்விகளாகப் பேசுகிறாள். முட்டுவேனோ, தாக்குவேனோ, கூவுவேனோ என்று 'கொல்' என்னும் ஐய இடைச்சொல் மூன்று முறை வருகிறது. 'ஓரேன்', அதாவது எதைச் செய்வதென்று அறியேன், என்று இடையில் அவளே ஒப்புக்கொள்கிறாள். 'ஆஅ' என்ற அளபெடை, அலறலை எழுத்திலேயே நீட்டி எழுதிவிடுகிறது. 'அலமரல் அசைவளி அலைப்ப' என அகரமும் லகரமும் சுழன்று வந்து காற்றின் அலைக்கழிப்பை ஓசையாக்குகின்றன. இவ்வளவு சீற்றமும் யார்மேல் என்பது கடைசிச் சொல்லாகிய 'ஊர்க்கே' வரும்வரை வெளிப்படுவதில்லை. ஈற்றயலடியின் முடிவில் இங்கு நிற்கும் சொல் 'என்'. அதுவும் தன் 'உயவுநோய்' என்பதைப் பிரிந்து அடியின் விளிம்பில் தொங்குகிறது. பதுமனாரின் பாடலில் தனிமை விலகி நிற்றலாக இருந்தது. ஔவையாரிடம் அது, தன்னை அறியாத ஊரின்மேல் எழும் சினமாக மாறிவிட்டது.

இரண்டாவது, கொல்லன் அழிசி பாடிய நூற்று முப்பத்தெட்டாம் பாடல்:

கொன்னூர் துஞ்சினும் யாம்துஞ் சலமே
எம்மி லயல தேழி லும்பர்
மயிலடி யிலைய மாக்குரல் நொச்சி
அணிமிகு மென்கொம் பூழ்த்த
மணிமருள் பூவின் பாடுநனி கேட்டே

பெரிய ஊர் உறங்கினாலும் நாங்கள் உறங்கவில்லை. வீட்டருகே உள்ள நொச்சியின் மெல்லிய கொம்பிலிருந்து நீலமணி போன்ற பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இங்கே உவமைகள் உண்டு: இலை மயிலின் அடி போன்றது, பூ மணியைப் போன்றது. எனினும் இப்பாடலின் உயிர் அவற்றில் இல்லை. பூ உதிரும் ஓசை கேட்கிறது என்றால் ஊர் எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும், காது எவ்வளவு கூர்ந்திருக்க வேண்டும்! மிகச் சிறிய ஓசையைக் கொண்டு மிகப் பெரிய அமைதியை அளந்து காட்டுகிறார் கவிஞர். மேலும், 'துஞ்சலம்' என்று முதலடியிலேயே செய்தியைச் சொல்லிவிட்டு, இலை, கொத்து, கொம்பு, பூ என்று அடைக்குமேல் அடையாக அடுக்கி, 'கேட்டே' என்னும் முடிவை இறுதிவரை தள்ளிப்போடுகிறார். அவர்கள் காத்திருந்ததுபோல் நாமும் அந்த வினைக்காகக் காத்திருக்க நேர்கிறது.

இப்பாடலில் பேசுபவள் தோழி. முந்திய இரவு குறியிடத்துக்கு (சந்திக்கக் குறித்த இடத்துக்கு) வரத் தவறிய தலைவன் மறுநாள் வந்து வேலிப்புறத்தே நிற்க, அவன் காதில் விழும்படி சொல்கிறாள். அதனால்தான் 'யான்' என்பதற்குப் பதிலாக 'யாம்' வருகிறது. விழிப்பு ஒன்றே ஆயினும், பகிர்ந்துகொள்ளப்பட்ட விழிப்பு இது. பதுமனாரின் 'ஓர்யான்' எவ்வளவு கடுமையான சொல் என்பது இந்த 'யாம்' அருகில் வந்து நிற்கும்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

எழுதும்போது

விடைத்தாளிலோ கட்டுரையிலோ எழுதும்போது, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள்: பாடலின் சொல், அதிலுள்ள உத்தி, அதனால் விளைவது. எடுத்துக்காட்டாக, "உலகம் 'துஞ்சும்' எனவும் யான் 'துஞ்சாதேன்' எனவும் ஒரே வினையை எதிர்நிலைகளில் அமைத்த முரண், தலைவியின் விழிப்பை அவளுக்கு மறுக்கப்பட்ட உறக்கமாகக் காட்டுகிறது" என்று எழுதினால் அந்த வாக்கியம் ஆராய்ச்சியாகும். "முரண்தொடை அமைந்துள்ளது" என்பதோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்ணுக்குரிய உழைப்பே நடந்திருக்கிறது. எல்லா உத்திகளுக்கும் சம இடம் ஒதுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இப்பாடலில் முரணும் அளவுச் சுருக்கமும் ஒலிக்குறிப்பும் பெரும்பணி ஆற்றுகின்றன. அவற்றுக்குப் பத்திகளைக் கொடுங்கள், எதுகைக்கு ஒரு வரி போதும்.

மிகையாகப் படிப்பதிலிருந்தும் காத்துக்கொள்ள வேண்டும். 'மாக்கள்' என்ற சொல்லைக் கண்டதும், "மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்னும் தொல்காப்பிய அடியை நினைத்து, தலைவி ஊராரை ஆறாம் அறிவற்றவர்கள் என்று இகழ்கிறாள் எனச் சிலர் விளக்குவர். கவர்ச்சியான விளக்கந்தான். ஆனால் சங்கப் பாடல்களில் 'மாக்கள்' என்பது இகழ்ச்சிக் குறிப்பு இல்லாமல் பொதுவாக மனிதரைக் குறித்தும் வழங்குகிறது. அதனோடு, அந்தச் சொல்லைச் சுற்றி இருப்பவை 'இனிது', 'முனிவின்று' என்னும் மென்மையான சொற்கள். இகழ்ச்சி அங்கே பொருந்துகிறதா என்பதைப் பாடலின் மற்ற சொற்களிடமே கேட்க வேண்டும். என் கணிப்பில் பொருந்தவில்லை. ஏக்கத்தோடு பிறரைப் பார்க்கும் குரலாகவே எனக்கு அது கேட்கிறது. இகழ்ச்சி என்று படிக்க விரும்புவோர், ஔவையாரின் பாடலில் உள்ள சீற்றம் இதிலும் உண்டு என்பதற்கு இந்நான்கு அடிகளுக்குள்ளிருந்தே இன்னொரு சொல்லையாவது சான்றாகக் காட்ட வேண்டும்.